தனியாக ஜப்பான் செல்வோருக்குக் கொழும்பில் ஒரு பயணத் திட்டச் சேவை: என் மதிப்பீடு

முதன்முறையாகத் தனியே ஜப்பான் செல்வதென்று முடிவெடுத்ததும் நான் நாடியது, பம்பலப்பிட்டியில் காலி வீதியை ஒட்டியுள்ள ஒரு சிறிய பயண முகவர் நிலையத்தை. கோயில்களையும் பழைய தெருக்களையும் வழிபாட்டு முறைகளையும் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் நோக்கம். விமானச்சீட்டும் விசாவும் எடுத்துத் தரும் நிலையங்களுக்குக் கொழும்பில் குறைவில்லை. தனியாளுக்கென்று நாள்வாரியாகத் திட்டம் வகுத்துத் தரும் பணியை இவர்கள் மேற்கொள்கிறார்கள். அதன் பெரும்பகுதியை மிக நன்றாகவே செய்கிறார்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் ஜப்பானுக்கு விசா பெற்றாக வேண்டும். எந்த நாளில் எங்கே தங்குகிறோம் என்ற அட்டவணையும் விண்ணப்பத்துடன் போக வேண்டும். அதைப் பெயருக்கு நிரப்பிக் கொடுக்காமல், உண்மையான பயணத் திட்டமாகவே தயாரித்தார்கள். முதல் வரைவில் டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா, ஹிரோஷிமா என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. என் விருப்பத்தைப் பொறுமையாகக் கேட்ட உத்தியோகத்தர், ஹிரோஷிமாவை நீக்கி, கியோத்தோவில் இரவுகளைக் கூட்டி, காமகுராவையும் கோயாசான் மலையையும் சேர்த்தார்.

டோக்கியோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காமகுராவை அடையலாம். அங்குள்ள கோதோகு-இன் விகாரையின் 13ஆம் நூற்றாண்டு வெண்கலப் புத்தரை எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1951இல் நடந்த சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், பின்னாளில் இலங்கையின் ஜனாதிபதியான ஜே. ஆர். ஜயவர்தன ஜப்பானுக்காகப் பேசிய உரையை நினைவுகூரும் கல் அதே வளாகத்தில் இருப்பதையும் திட்டத்தில் குறித்திருந்தார்கள். இலங்கையிலிருந்து போகும் ஒருவருக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்த அந்த அக்கறையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் இந்தச் சேவையின் உண்மையான பெறுமதி எனக்குத் தெரிந்தது உணவு விடயத்தில்தான். நான் சைவ உணவு மட்டுமே உண்பவர். ஜப்பானில் இறைச்சியோ மீனோ கண்ணுக்குத் தெரியாத உணவிலும் 'தாஷி' என்ற சாறு கலந்திருக்கும். அது பெரும்பாலும் நம் ஊர் மாசிக் கருவாட்டைப் போலப் புகையூட்டி உலர்த்திய சூரை மீனைச் சீவி, நீரில் கொதிக்கவைத்து எடுப்பது. இதை முன்கூட்டியே விளக்கி, மீன் சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டையொன்றைக் கையில் தந்தார்கள். கியோத்தோவில் ஊடோன் என்னும் தடித்த கோதுமை நூடில்ஸ் விற்கும் கடையொன்றில் அதை நீட்டினேன். சமையற்காரர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த சூப்புப் பானையைக் காட்டி, கைகளைக் குறுக்கே வைத்து, வேண்டாம் என்றார். அட்டை இல்லாவிட்டால் மேலே மிதந்த வெங்காயத் தாளை மட்டும் பார்த்து அதைச் சாப்பிட்டிருப்பேன்.

கோயாசானில் அந்தக் கவலையே இருக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் குகாய் என்ற துறவி நிறுவிய இந்த மலைத்தலத்தில் ஏறக்குறைய 50 விகாரைகள் பயணிகளுக்குத் தங்குமிடம் தருகின்றன. இரவு உணவு இறைச்சியும் மீனும் சேராத துறவியர் சமையல், விடியற்காலையில் வழிபாடு, சில விகாரைகளில் இந்தியாவின் ஹோமத்திலிருந்து வந்த 'கோமா' என்னும் தீச் சடங்கும் உண்டு. உயர்ந்த மரங்களுக்கிடையே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் நிறைந்த ஓகுனோயின் பாதையில் நடப்பதற்காகவே ஒருவர் ஜப்பான் போகலாம். பாரம்பரியத் தங்குமிடங்கள் சில தனியாளை ஏற்பதில்லை. ஏற்கும் விகாரையொன்றைத் தேடிப் பதிவுசெய்து, இரவு உணவு வேளைக்கு முன், மாலை ஐந்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும் என்றும் எழுதித் தந்தார்கள்.

ரயில் விடயத்தில் இவர்கள் மீது எனக்குக் குறை உண்டு. ஜே.ஆர். நிறுவனங்களின் ரயில்களில் ஏழு நாட்கள் பயணிக்கத் தரும் ஜப்பான் ரயில் பாஸை வாங்கும்படி வலியுறுத்தினார்கள். 2023 ஒக்டோபரில் அதன் விலை 29,650 யெனிலிருந்து 50,000 யெனாக உயர்த்தப்பட்டது. டோக்கியோவுக்கும் கியோத்தோவுக்கும் இடையே ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென்தான். போய்வந்தாலும், இடையில் உள்ளூர் ரயில்களில் ஏறி இறங்கினாலும், 50,000 ஆகாது. ஒசாகாவிலிருந்து கோயாசான் பக்கம் செல்லும், நன்காய் என்ற தனியார் நிறுவனத்தின் ரயிலில் அந்தப் பாஸ் செல்லுபடியாகவும் மாட்டாது. கணக்கை எழுதிக் காட்டிய பிறகு மறுப்பேதும் சொல்லாமல் நீக்கினார்கள் என்றாலும், வாடிக்கையாளர் கேட்காமலேயே செய்ய வேண்டிய கணக்கு அது.

குழுவாகப் போய் ஒரு வழிகாட்டியின் பின்னால் நடக்க விரும்புவோருக்கு இந்தச் சேவை பொருந்தாது. அங்கே இறங்கிய பின் எல்லாவற்றையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையுடன் சேர்த்துப் போக நினைப்போர் தை மாதத்திலேயே இவர்களை அணுகுவது நல்லது. ஏப்ரல் இறுதியில் ஜப்பானியரின் நீண்ட விடுமுறையான கோல்டன் வீக் தொடங்கிவிடுவதால், அந்த நாட்களில் தனியாளுக்கு அறை கிடைப்பது மிகவும் கடினம்.