கம்பெனி ஃபாக் லைட்டை மாற்றிய அனுபவம்: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

என் காரில் கம்பெனி ஃபிட்டிங்காக வந்த ஃபாக் லைட்டுகள் (பம்பரில் இருக்கும் பனிமூட்ட விளக்குகள்) எரிகின்றனவா என்பதை டேஷ்போர்டில் ஒளிரும் பச்சைச் சின்னத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லோ பீம் எரியும்போது அவற்றைப் போட்டாலும் அணைத்தாலும் சாலையில் எந்த வேறுபாடும் தெரியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், மலைப்பாதைப் பனிமூட்டத்தில் ஓரக்கோட்டைத் தேடிக்கொண்டு சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி ஓட்ட நேர்ந்த பிறகு, இவற்றை மாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். அதன்பின் மூன்று முறை மாற்றினேன். முதல் இரண்டும் தவறாகப் போயின.

கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்தது ஹெச்16 வகை, 19 வாட் ஹாலஜன் பல்ப். அது தரும் வெளிச்சம், அதை அளக்கும் அலகில் சொன்னால், சுமார் 500 லூமென். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் ஹெச்11 பல்ப் 55 வாட்டில் சுமார் 1,350 லூமென் தரும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அடிப்பகுதியில் உள்ள சிறு காதுகளை வேறுவேறாக அமைத்திருக்கிறார்கள். அந்தக் காதுகளைச் சீவிவிட்டால் சரியாக உட்கார்ந்துவிடும் என்று பலரும் சொன்னதைக் கேட்டு, நானும் கத்தியை எடுத்துச் சீவினேன். முதல் சில வாரங்கள் மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. மூன்றாம் மாதம் ஒரு பக்கம் மங்கியதால் கழற்றிப் பார்த்தேன். பல்புக்கு நேர் மேலே ரிஃப்ளெக்டரின் (ஒளியை முன்னால் திருப்பும் வளைந்த கண்ணாடியின்) வெள்ளிப்பூச்சு பழுப்பேறிக் கொப்புளம் கொப்புளமாக உரிந்திருந்தது, கனெக்டரின் பிளாஸ்டிக் விரலால் அழுத்தினாலே நொறுங்கியது. 19 வாட் சூட்டுக்கு என்று அளந்து செய்த கூட்டுக்குள் அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சூட்டை அடைத்தால் வேறென்ன நடக்கும்?

பழையபடி புதிய கம்பெனி கூடுகளையே வாங்கிப் பொருத்திவிட்டு, அவற்றில் எல்இடி பல்புகளைப் போட்டேன். சூடு குறைவு, வெளிச்சம் அதிகம் என்பதால் இதில் பிழை இருக்க முடியாது என்று நினைத்தேன். சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்தபோது பளீரென்று இருந்தது. பனிமூட்டத்துக்குள் நுழைந்ததும் முன்கண்ணாடிக்கு வெளியே யாரோ வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தது போல ஆகிவிட்டது. தெளிந்த இரவுகளிலும் எதிரே வருபவர்கள் ஹை பீமை அடித்து அடித்துக் காட்டினார்கள்.

காரணம் பிறகுதான் விளங்கியது. ஃபாக் லைட்டின் வேலை தொலைவைக் காட்டுவது அன்று. பம்பரின் அடியிலிருந்து, அகலமாகவும் தட்டையாகவும், மேல் விளிம்பு கத்தியால் நறுக்கியது போன்ற ஒளியை நிலத்தின் மேல் விரிப்பதுதான் அதன் வேலை. அந்த விளிம்புக்கு மேலே கசியும் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கே வந்து சேரும். ஹாலஜன் பல்பின் இழை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய சுருள். அது சுற்றிலும் ஒளிரும் என்ற கணக்கில்தான் ரிஃப்ளெக்டரின் வளைவு அமைந்திருக்கிறது. நான் போட்ட எல்இடி பல்பிலோ இருபுறமும் தட்டையான சில்லுகள் இருந்தன. அவை இழையின் இடத்திலிருந்து சற்று விலகியும் இருந்தன. அதனால் விளிம்பு கலைந்து ஒளி மேலே சிதறியது.

அவற்றையும் கழற்றிவிட்டுப் பழைய 19 வாட் பல்புகளையே மாட்டியபோது, எதற்கும் பார்ப்போம் என்று மல்டிமீட்டரை வைத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட் இருந்தது. பல்பின் முனையில் 12.1 மட்டுமே வந்தது. பம்பருக்குப் பின்னால் எர்த் வயர் பிடிக்கும் போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. ஹாலஜனில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும், பணம் எதுவும் செலவில்லாமல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் கூடியது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது.

ஆயினும் எனக்கு அது போதவில்லை. மூன்றாவது முறை பல்பை விட்டுவிட்டு முழு யூனிட்டையே மாற்றினேன்: சொந்த லென்ஸும் கூர்மையான மேல் விளிம்பும் கொண்ட, ஒவ்வொன்றும் சுமார் 15 வாட் எடுக்கும் எல்இடி புரொஜெக்டர் வகை. கூடவே ரிலேயும் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் தனி சுவிட்ச்) வயரிங் கிட்டும் வாங்கியது வீண். புதிய விளக்குகள் இரண்டும் சேர்ந்து பழைய ஹாலஜன் ஜோடியைவிடக் குறைவான மின்சாரத்தையே எடுப்பதால் காரின் சொந்த வயரிங்கே தாராளம். அந்த கிட் இன்னும் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.

பொருத்துவதைவிட, கோணம் வைப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் மைய உயரத்துக்குச் சுவரில் டேப் ஒட்டி, ஒளியின் மேல் விளிம்பு அந்த டேப்புக்கு 20 சென்டிமீட்டர் கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருப்பினேன். என் காரில் விளக்கு தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒளி 20 மீட்டரில் நிலத்தைத் தொட்டுவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் போகிறோம் என்பதை நினைத்தால், இந்த விளக்கை நம்பி எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பது தெரியும்.

மஞ்சளா வெள்ளையா என்று கேட்பவர்கள் உண்டு. நான் எடுத்தது 3000 கெல்வின் மஞ்சள் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு). ஆனால் மஞ்சள் பனியைத் துளைக்கும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். நீலம் கலந்த 6000 கெல்வின் வெள்ளையைப் போல நனைந்த சாலையில் இது என் கண்ணை உறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

இந்த யூனிட்டுகளைப் பொருத்தி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. ஹாலஜனின் சூடு இல்லாததால் லென்ஸில் ஒட்டும் சேறும் ஈரமும் தானாகக் காய்வதில்லை. மழைப் பயணத்தில் இறங்கித் துடைக்க வேண்டியிருக்கிறது. முதல் மழையில் வலப்பக்கம் உள்ளே நீராவி படிந்தபோது, மெக்கானிக் ஒருவர் பின்புறத் துளையைச் சிலிக்கானால் அடைத்துவிட்டார். அது காற்று போக வர வைத்த துளை. அடைத்த பிறகு ஈரம் நிரந்தரமாக உள்ளேயே தங்கியது. சுரண்டி எடுத்ததும் ஒரு வாரத்தில் தெளிந்தது. இடப்பக்க லென்ஸில் கல் பட்ட ஒரு வடு உண்டு. ஒளிவிளிம்பில் அது தெரிவதில்லை.

தெளிந்த இரவில் இப்போது இவற்றைப் போடுவதே இல்லை. காருக்கு முன்னால் உள்ள நிலம் பளிச்சென்று இருந்தால் கண்மணி சுருங்கி, தொலைவில் இருப்பது மங்கிவிடுகிறது. அந்த மலைப்பாதையில் மட்டும், மூட்டம் இறங்கியதும் ஹை பீமை அணைத்துவிட்டு இவற்றைப் போடுகிறேன். ஓரக்கோடு இரண்டு பக்கமும் தெரிகிறது, சன்னல் கண்ணாடியை இறக்க வேண்டியதில்லை.