பிள்ளையார் சுழி போட ஓஎல்இடியா, கலர் டிஎஃப்டியா?

ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் ஒரு குட்டி வெப்பமானி செய்தேன். சுவிட்சைப் போட்டதும் முதலில் பிள்ளையார் சுழி தெரிய வேண்டும், அப்புறம்தான் டிகிரி. கையில் இரண்டு டிஸ்ப்ளே இருந்தன: 0.96 அங்குல ஓஎல்இடி (எஸ்எஸ்டி1306 சிப்), 1.8 அங்குல கலர் டிஎஃப்டி (எஸ்டி7735).

பார்க்க அழகு டிஎஃப்டிதான். ஆனால் 128×160 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் முழுத்திரைப் படம் 40,960 பைட். நிரலைச் சேமிக்கும் ஊனோவின் ஃபிளாஷ் மெமரி மொத்தமே 32 கேபி. எஸ்டி கார்டில் பிஎம்பி படஃபைலாகப் போட்டு வரி வரியாகப் படிக்கலாம். படம் மேலிருந்து கீழே திரைச்சீலை இறங்குவது போல வரும். போதாததற்கு வயர்களும் அதிகம், சிக்னல் 3.3 வோல்ட்; ஊனோவோ 5 வோல்ட்.

ஓஎல்இடியில் ஒரு பிக்சலுக்கு ஒரே பிட், அதாவது பைட்டில் எட்டில் ஒரு பங்கு. 128×64 படம் 1,024 பைட்டில் முடிந்துவிடும், நான்கே வயர். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. திரையை ஓட்டும் அடாஃப்ரூட் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) இன்னொரு 1,024 பைட்டை ரேமில், அதாவது நிரல் ஓடும்போது பயன்படும் தற்காலிக மெமரியில், பிடித்துக்கொள்ளும். ஊனோவில் இருப்பதே 2,048. படத்தை ப்ரோக்மெம் (PROGMEM) என்ற குறிச்சொல் போட்டு ஃபிளாஷிலேயே வைக்காவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும். ரேம் இன்னும் இடித்தால் யு8ஜி2 என்ற இன்னொரு லைப்ரரியின் பக்க முறைக்கு, அதாவது திரையைத் துண்டு துண்டாக வரையும் முறைக்கு, 128 பைட் பஃபர் (தற்காலிக இடம்) போதும்.

என்னைப் படுத்தியது வேறு. கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் வரைந்து எக்ஸ்பிஎம் (XBM) ஃபைலாகச் சேமித்து, அடாஃப்ரூட்டின் படம் வரையும் கட்டளையான டிராபிட்மேப்பில் (drawBitmap) கொடுத்தேன். சுழிக்குப் பதில் சிதறிய இடியாப்பம். எக்ஸ்பிஎம் ஒவ்வொரு பைட்டையும் கடைசி பிட்டிலிருந்து படிக்கும், டிராபிட்மேப் முதல் பிட்டிலிருந்து. எட்டெட்டு பிக்சலாகக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிக்கொண்டது. கட்டளையை டிராஎக்ஸ்பிட்மேப் (drawXBitmap) என்று மாற்றியதும் சுழி சுழியாக வந்தது.

கலர்தான் வேண்டும் என்றால் ஊனோவோடு மல்லுக்கட்ட வேண்டாம், இஎஸ்பி32 என்ற இன்னொரு போர்டுக்குப் போய்விடுங்கள். ஃபிளாஷ் பெரும்பாலும் 4 எம்பி, சிக்னலும் 3.3 வோல்ட், டிஎஃப்டி அங்கேதான் சுகமாக ஓடும். மின்புத்தகக் கருவிகளில் இருக்கும் ஈ-பேப்பர் திரை கரண்டே இல்லாமல் படத்தை வைத்திருக்கும், சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் மினுக்கி மினுக்கி மாறுவது வெப்பமானிக்கு ஒத்து வராது.

என் வெப்பமானியில் ஓஎல்இடியே இருக்கிறது. 1.3 அங்குலம் வாங்குபவர்கள் சிப்பைக் கேட்டு வாங்குங்கள். பலவற்றில் எஸ்எச்1106 இருக்கும். அதன் ரேம் 132 பத்தி அகலம் என்பதால், எஸ்எஸ்டி1306க்கான நிரலை ஓட்டினால் படம் இரண்டு பிக்சல் நகர்ந்து ஓரத்தில் புள்ளிகள் மினுங்கலாம்.