கலிஃபோர்னியா பிரைமரி இரவு: எந்த முடிவுத் தளத்தைத் திறந்து வைக்கலாம்?

கலிஃபோர்னியாவில் பிரைமரி (நவம்பர் தேர்தலுக்கு முந்தைய முதற்கட்டத் தேர்தல்) அன்று இரவு 8 மணிக்கு வாக்குப்பதிவு முடியும். அடுத்த சில நிமிடங்களில் முதல் எண்கள் வர ஆரம்பிக்கும். ஓட்டுப் போட்டவர்கள் சாயங்காலத்திலிருந்தே அந்த நேரத்துக்காகப் போனும் கையுமாக இருப்பார்கள். ஜூன் மாதப் பிரைமரி என்றால் சென்னையில் அப்போது மறுநாள் காலை 8.30 மணி. மார்ச் முதல் வாரம் நடந்தால் 9.30. ஊரிலிருந்தும் "என்ன ஆச்சு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். நம்பிப் பதில் சொல்ல எந்தத் தளத்தைப் பார்ப்பது என்பதற்காகத்தான் இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) முடிவுப் பக்கத்துக்கு முதலிடம். ஏ.பி. செய்தி நிறுவனத்தின் அறிவிப்புக்கு இரண்டாமிடம். மாநில அரசின் தளத்துக்கு மூன்றாமிடம்; அதுவும் முக்கியமாக அதிலிருக்கும் ஒரே ஒரு அறிக்கைக்காக. தேசிய டிவி சேனல்கள் இந்த இரவுக்குத் தேவையில்லை.

ஏன் தேவையில்லை? கலிஃபோர்னியாவில் 2010-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய ப்ராப் 14 என்ற முன்மொழிவுக்குப் பிறகு, நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம், ஆளுநர் பதவி ஆகியவற்றுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். கட்சி எதுவானாலும் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள். அதிபர் பிரைமரி மட்டும் கட்சிவாரியாக நடக்கும். ஆகவே பல தொகுதிகளில் யார் முதலிடம் என்பது பெரிய கேள்வியே இல்லை. இரண்டாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் நடுவில்தான் போட்டியின் உயிர் இருக்கிறது. டிவியின் வரைபடம் முன்னிலையில் இருப்பவரின் நிறத்தைப் பூசுவதோடு நின்றுவிடும். போதாக்குறைக்கு, கலிஃபோர்னியாவில் ஓட்டு முடியும்போது நியூயார்க்கில் இரவு 11 மணி. அங்கிருந்து பேசுகிறவர்கள் முதல் எண்களை வைத்து ஒரு முடிவுரை சொல்லிவிட்டுக் கடையைக் கட்டிவிடுவார்கள். அந்த முடிவுரைதான் பெரும்பாலும் தப்பாகிறது.

எப்படித் தப்பாகிறது என்பது, எந்த ஓட்டு எப்போது எண்ணப்படுகிறது என்று பார்த்தால் புரியும். தமிழ்நாட்டு வாக்கு எண்ணிக்கையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காலையில் தபால் ஓட்டு, பிறகு சுற்றுச் சுற்றாக இயந்திர ஓட்டு, சாயங்காலத்துக்குள் முடிவு என்பது மனதில் பதிந்த கணக்கு. கலிஃபோர்னியாவில் பதிவான வாக்காளர் எல்லோருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வருகிறது. விழும் ஓட்டில் மிகப் பெரிய பங்கு அந்த உறைகளில்தான் திரும்பி வருகிறது. சீக்கிரம் வந்த உறைகளைக் கவுண்டி ஊழியர்கள் தேர்தல் நாளுக்கு முன்பே கையெழுத்துச் சரிபார்த்து, பிரித்து, மடிப்பு நீக்கி, ஸ்கேன் செய்து வைத்துவிடுகிறார்கள். கூட்டுத்தொகையை மட்டும் 8 மணிக்கு முன் வெளியே விடக் கூடாது. 8 மணி தாண்டியதும் வந்து விழும் அந்தப் பெரிய முதல் மூட்டை இதுதான். அடுத்து, நேரில் போடப்பட்ட ஓட்டுகள் வாக்குச்சாவடிகளிலிருந்து வந்து சேரச் சேர, நள்ளிரவு தாண்டியும் சிறுசிறு தவணைகளாக ஏறும்.

கடைசி நாளில் டிராப் பாக்ஸில் போட்ட உறைகள் பெரும்பாலும் அன்றிரவு எண்ணப்படுவதில்லை. ஒவ்வோர் உறையின் கையெழுத்தையும் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். 2024-இல் இருந்த விதிப்படி, தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை பெற்ற உறை அடுத்த 7 நாட்களுக்குள் வந்தாலும் செல்லும். தற்காலிக ஓட்டும் (தகுதியைச் சரிபார்க்கும்வரை ஒதுக்கி வைக்கும் ஓட்டு) அன்றே பெயர் பதிந்தவர்களின் ஓட்டும் வரிசையில் கடைசி. ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஓட்டுப் போடவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் அவற்றைத் தொடுவார்கள்.

சீக்கிரம் அனுப்புகிறவர்களும் கடைசி நாளில் போடுகிறவர்களும் ஒரே மாதிரி வாக்காளர்கள் அல்ல. வயதானவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் முந்திக்கொள்கிறார்கள், இளைஞர்கள் பிந்துகிறார்கள். 2022 ஜூன் 7-இல் நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் பிரைமரி இதற்கு நல்ல பாடம். தேர்தல் இரவில் ரிக் கருசோ சுமார் 5 சதவீதப் புள்ளி முன்னிலையில் இருந்தார். நகரம் திசை மாறிவிட்டது என்ற பேச்சு அன்றிரவே தொடங்கிவிட்டது. எல்லா உறைகளும் எண்ணி முடிந்தபோது கேரன் பாஸ் 43.1 சதவீதம், கருசோ 36 சதவீதம். ஒருவர் ஓட்டும் இன்னொருவருக்கு மாறவில்லை. எண்ணாமல் இருந்தது எண்ணப்பட்டது, அவ்வளவுதான்.

இதனால்தான் கவுண்டி தளத்துக்கு முதலிடம். எண்கள் பிறக்கும் இடமே அது. மாநிலத் தளம், ஏ.பி., பத்திரிகைகள் எல்லாம் அங்கிருந்து எடுத்துத்தான் காட்டுகின்றன. பள்ளி வாரியம், தண்ணீர் வாரியம், கவுண்டி மேற்பார்வையாளர், உள்ளூர் வரி முன்மொழிவு போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இதைத் தவிர வேறு வழியே கிடையாது. நல்ல கவுண்டி பக்கத்தில் மூன்று விஷயம் இருக்கும்: கடைசியாகப் புதுப்பித்த நேரம், அடுத்த புதுப்பிப்பு எப்போது என்ற அறிவிப்பு, இன்னும் எண்ண வேண்டிய ஓட்டு எவ்வளவு என்ற மதிப்பீடு. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி இந்த மூன்றாவதைத் தன் ஒவ்வோர் அறிவிப்பிலும் சேர்த்தே தருகிறது. எல்லாக் கவுண்டிகளும் இப்படிச் செய்தால் பாதி வதந்தி குறையும். குறை என்று பார்த்தால், ஒவ்வொரு கவுண்டியின் பக்கமும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. சிலவற்றில் போன் திரையில் வேட்பாளர் பெயரும் எண்ணும் வேறு வேறு வரியில் போய் விழும். அதற்குப் பக்கத்தைத் திருகிக்கொண்டிருக்காமல், மொத்த முடிவின் பிடிஎஃப் கோப்பை இறக்கிப் பாருங்கள். நேர முத்திரையும் அதிலேயே இருக்கும்.

ஏ.பி.யைப் பொறுத்தவரை, 1848-இலிருந்து அமெரிக்கத் தேர்தல் எண்ணிக்கையைத் திரட்டி வரும் நிறுவனம் அது. பின்னால் இருப்பவர் எந்த வழியிலும் எட்டிப் பிடிக்க முடியாது என்று உறுதியானால்தான் அறிவிக்கும். பெயருக்குப் பக்கத்தில் அதன் டிக் விழுந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். டிக் விழாதவரை சதவீதத்தைப் பார்த்துப் பதற்றப்பட வேண்டாம். 2024 மார்ச் 5 பிரைமரியோடு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த ப்ராப் 1 என்ற முன்மொழிவுக்கு ஏ.பி. மார்ச் 20-இல்தான் முடிவு சொன்னது. அது கடைசியில் சுமார் 50.2 சதவீதத்தில் கரையேறியது. இரண்டு வாரம் வாய் திறக்காமல் இருந்ததற்காகவே அந்த நிறுவனத்துக்கு மதிப்பெண் கூட்டித் தர வேண்டும்.

ஏ.பி. பக்கத்தில் ஒரு எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். "எண்ணப்பட்டது இத்தனை சதவீதம்" என்பது, மொத்தம் எவ்வளவு ஓட்டு விழுந்திருக்கும் என்ற அதன் கணிப்பை வைத்துப் போட்டது. கணிப்பை உயர்த்தினால் அந்தச் சதவீதம் இறங்கும். நேற்று பார்த்ததைவிட இன்று குறைந்திருந்தால் யாரும் ஓட்டைத் திருடவில்லை. எதிர்பார்த்ததைவிட அதிக உறைகள் வந்திருக்கின்றன. ஏ.பி. மீது கலிஃபோர்னியா வாக்காளர்களுக்கு ஒரு பழைய மனத்தாங்கலும் உண்டு. 2016 ஜூன் 7 பிரைமரிக்கு முந்தின நாள் சாயங்காலமே, கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் கணக்கைக் கூட்டி, ஹிலாரி கிளின்டன் ஜனநாயகக் கட்சி வேட்பாளராவது உறுதி என்று அறிவித்துவிட்டது. கணக்கு சரிதான். ஆனால் மறுநாள் காலை வரிசையில் நிற்கப் போகிறவரின் ஆவலில் அது தண்ணீர் ஊற்றியதும் உண்மை.

மாநிலத் தளத்துக்கு வருவோம். மாநிலம் முழுக்க உள்ள 58 கவுண்டிகளையும் ஒரே இடத்தில் பார்க்க இதுதான் வசதி. எந்தக் கவுண்டி கடைசியாக எத்தனை மணிக்கு எண் அனுப்பியது என்று காட்டும் பக்கமும் உண்டு. ஆனால் அங்கே மேலே பெரிதாக இருக்கும் "100 சதவீத வாக்குப்பகுதிகள்" என்ற வரியை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். அதையொட்டியே "பகுதியளவில் அறிக்கை தந்துள்ளன" என்றும் எழுதியிருப்பார்கள். அதாவது ஒவ்வொரு வாக்குப்பகுதியிலிருந்தும் ஏதோ கொஞ்சம் வந்திருக்கிறது, அவ்வளவே. அதே நேரத்தில் லட்சக்கணக்கான உறைகள் பிரிக்கப்படாமல் கிடக்கலாம். இந்த வரியை முதல் வாரம் திரையிலிருந்தே எடுத்துவிட்டால் நல்லது.

இந்தத் தளத்தில் உண்மையான சரக்கு, எண்ணப்படாத வாக்குச்சீட்டுகளின் மதிப்பீட்டு அறிக்கைதான். தேர்தலுக்குச் சில நாட்களில் வெளிவரத் தொடங்கும். கவுண்டிவாரியாக, தபால் உறை எத்தனை, தற்காலிக ஓட்டு எத்தனை, அன்றே பதிந்தவர்கள் எத்தனை, கிழிந்தோ கறைபட்டோ மறுபடி நகலெடுக்க வேண்டியவை எத்தனை என்று பிரித்துக் கொடுக்கும். இது கையில் இருந்தால் யாரையும் கேட்காமல் நீங்களே கணக்குப் போடலாம். உங்கள் வேட்பாளர் 1,200 ஓட்டுப் பின்தங்கியிருக்கிறார், மிச்சம் 20,000 சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200-ஐ 20,000-ஆல் வகுத்தால் 6 சதவீதம். மிச்சச் சீட்டுகளில் எதிராளியைவிட 6 புள்ளி அதிகம் எடுத்தால்தான் சமன் ஆகும். கடைசி இரண்டு புதுப்பிப்புகளில் மட்டும் புதிதாக வந்த ஓட்டில் அவர் எவ்வளவு அதிகம் எடுத்தார் என்று பாருங்கள். 8 புள்ளி என்றால் நம்பிக்கை இருக்கிறது. 3 புள்ளி என்றால் கதை முடிந்தது. பத்துப் பேர் நிற்கும் போட்டியிலும் இந்த இருவருக்கு இடையில் இதே கணக்குத்தான்.

இந்த அறிக்கையில் ஒரு பெரிய குறை உண்டு. அறிக்கை கவுண்டி அளவில்தான் இருக்கும், தொகுதிவாரியாக இருக்காது. கவுண்டியில் 20,000 மிச்சம் என்றால் உங்கள் தொகுதியில் எவ்வளவு என்று தெரியாது. இதுவரை எண்ணிய ஓட்டில் உங்கள் தொகுதியின் பங்கு எவ்வளவோ, அதே விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். தொகுதி இரண்டு கவுண்டிகளில் பரவியிருந்தால் இன்னும் சிக்கல். சிலிக்கான் பள்ளத்தாக்கின் 16-ஆவது நாடாளுமன்றத் தொகுதி சான்டா கிளாரா, சான் மட்டேயோ என்ற இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது. அதன் உறுப்பினராக இருந்த ஆனா எஷூ ஓய்வு பெறுவதாக 2023 நவம்பரில் அறிவித்ததும், 2024 பிரைமரியில் 11 பேர் நின்றார்கள். சாம் லிக்கார்டோ முதலிடம். இரண்டாவது இடத்துக்கு எவன் லோவும் ஜோ சிமிட்டியனும் வாரக்கணக்கில் மாறி மாறி முந்தினார்கள். இரண்டு கவுண்டிகளும் தத்தம் அட்டவணைப்படி எண்களை வெளியிட்டதால், ஒன்றை மட்டும் பார்த்தவர்களுக்கு முழு நிலவரம் தெரியவில்லை. ஏப்ரல் முதல் வாரம் எண்ணி முடித்தபோது இருவருக்கும் ஆளுக்கு 30,249 ஓட்டு. சமன் என்றால் இருவருமே நவம்பருக்குப் போவார்கள் என்பது சட்டம். அப்புறம் வாக்காளர் ஒருவர் மறு எண்ணிக்கை கேட்டார். கலிஃபோர்னியாவில் கேட்பவரே செலவையும் ஏற்க வேண்டும். அதில் லோ 5 ஓட்டு வித்தியாசத்தில் முந்தினார், சிமிட்டியன் வெளியேறினார். அந்த 30,249-ஐ முதலில் பார்க்க முடிந்தது இரண்டு கவுண்டி தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, கூட்டிப் பார்த்தவர்களுக்குத்தான்.

பத்திரிகைகளின் முடிவுப் பக்கங்கள் அழகாக இருக்கும், எண் பெரும்பாலும் ஏ.பி.யுடையதுதான். அவற்றில் ஒரே ஒரு எச்சரிக்கை: எந்தப் போட்டி என்ற தலைப்பைப் படித்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் பகிருங்கள். 2024 மார்ச்சில் ஒரே செனட் இடத்துக்கு ஒரே சீட்டில் இரண்டு போட்டிகள் இருந்தன. ஒன்று செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் காலமானதால் மிஞ்சிய சில வாரப் பதவிக்கு, மற்றது முழு ஆறாண்டுப் பதவிக்கு. முன்னதில் ஸ்டீவ் கார்வி தெளிவான முதலிடம். பின்னதில் ஆடம் ஷிஃப் 31.6 சதவீதம், கார்வி 31.5. முன்னதன் படத்தைப் பின்னதன் செய்தியோடு அனுப்பினால் வாட்ஸ்அப் குழு முழுக்கக் குழம்பிவிடும்.

கடைசியாக, "வேர்ஸ் மை பேலட்" என்ற மாநிலத்தின் இலவசச் சேவை. பெயர், பிறந்த தேதி, ஜிப் கோடு கொடுத்தால் போதும். உங்கள் உறை எங்கே இருக்கிறது என்று குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும். இது முடிவு சொல்லும் தளம் இல்லை. ஆனால் உங்கள் போட்டி நூலிழையில் தொங்கும்போது இதைவிட உபயோகமானது எதுவும் கிடையாது. கையெழுத்து பொருந்தவில்லை என்றாலோ, உறையில் கையெழுத்தே போடவில்லை என்றாலோ அந்த ஓட்டு ஒதுக்கி வைக்கப்படும்; கவுண்டி உங்களுக்குக் கடிதம் அனுப்பும். கூடவே வரும் படிவத்தில் கையெழுத்திட்டு, தபாலிலோ மின்னஞ்சலிலோ நேரிலோ கெடுவுக்குள் கொடுத்தால் ஓட்டு எண்ணிக்கையில் சேரும். வேலை அவசரத்தில் கிறுக்கிப் போட்டவர்களும், ஓட்டுநர் உரிமத்தில் பதினெட்டு வயதில் போட்ட கையெழுத்தை மறந்தவர்களும்தான் அதிகம் சிக்குகிறார்கள். பிரைமரிக்கு முன்பே இதில் பதிந்து வையுங்கள். தேர்தலுக்கு மறுநாளிலிருந்து கவுண்டியிலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் விளம்பரக் காகிதங்களோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.