நனைந்த லைட்டர்: ஊதலா, உருட்டலா, உடல் சூடா?

ஐப்பசி மழையில் கொடைக்கானல் மேல்மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், ரெயின்கோட்டுக்குள்ளும் ஈரம் ஏறிவிடும். பூம்பாறை தாண்டி நண்பரின் தோட்டத்தில் கூடாரம் போட்டிருந்தோம். டீ போடலாம் என்று சின்ன கேஸ் அடுப்பை எடுத்தால், சட்டைப்பையில் இருந்த லைட்டர் தண்ணீர் சொட்டுகிறது. ஊதச் சொன்னார் ஒருவர், அக்குளில் வைக்கச் சொன்னார் இன்னொருவர், கழற்றித் துடைக்கலாம் என்றார் மூன்றாமவர். அதன்பிறகு வந்த மழைப் பயணங்களில் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே தரம் இல்லை.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: வராதது பொறியா, கேஸா? சக்கரத்தைச் சுழற்றாமல் பட்டனை மட்டும் அழுத்தினால் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். கேட்டால் கேஸ் இருக்கிறது. உள்ளே பியூட்டேன் அழுத்தத்தில் இருப்பதால் மழைத் தண்ணீர் தொட்டிக்குள் போகாது. பெரும்பாலும் கெடுவது பொறிதான். லைட்டர் கல் என்று நாம் சொல்வது உண்மையில் கல் இல்லை. சீரியம், லாந்தனம், இரும்பு முதலியவை சேர்ந்த உலோகக் கலவை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் கண்டுபிடித்தது. சக்கரத்தின் பற்கள் அதைச் சுரண்டும்போது உதிரும் தூள் காற்றுப் பட்டதும் எரிகிறது. அதுதான் பொறி. நனைந்தால் அந்தத் தூள் சாம்பல்நிறக் களிம்பாகிப் பற்களுக்கிடையில் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றும், ஆனால் வழுக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் ஊதுவது ஏன் பாதி வேலை மட்டும் செய்கிறது என்பது விளங்கும். உதறி, கேஸ் வரும் துளையிலும் சக்கரத்தடியிலும் பலமாக ஊதினால் நிற்கும் தண்ணீர் போய்விடும். களிம்பு போகாது. லேசாக நனைந்த லைட்டர் இதிலேயே பிடித்துக்கொள்ளும். ஓடையில் விழுந்ததற்குப் போதாது. ஆனாலும் எந்த வழியானாலும் இதில்தான் தொடங்க வேண்டும்.

என் ஓட்டு உருட்டலுக்கு. லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பட்டனைத் தொடாமல், சக்கரத்தை மட்டும் காய்ந்த துணியில் வைத்து, குழந்தைகள் பொம்மைக் காரைத் தரையில் ஓட்டுவதுபோல இழுக்க வேண்டும். பையின் அடியில் இருக்கும் மாற்றுத்துணி, உள்பனியனின் காய்ந்த ஓரம், எதுவானாலும் சரி. முதல் சில இழுப்பில் துணியில் சாம்பல்நிறக் கோடு விழும். பற்களில் இருந்த களிம்பு அது. கோடு மங்க மங்கச் சக்கரம் கரகரவென்று கல்லைப் பிடிப்பது விரலுக்கே தெரியும். அன்று முப்பது நாற்பது இழுப்புக்குப் பிறகு ஒற்றைப் பொறி, அடுத்த முறை மூன்று நான்கு, அதற்கடுத்து சுடர். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. துடைப்பதும் உலர்த்துவதும் ஒரே வேலையில் முடிகிறது, அதுதான் இதன் பலம். காய்ந்த துணி ஒரு துண்டுகூட இல்லையென்றால் மட்டும் இது கைகொடுக்காது.

அப்போது உடல் சூடு. அக்குளிலோ உள்சட்டைக்குள்ளோ வைத்தால் மெதுவாகக் காயும். அரைமணி நேரம்கூடப் பிடிக்கலாம். பொறி வந்தும் சுடர் வராத குளிருக்கு இதுதான் மருந்து. பியூட்டேன் கொதிப்பது ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில். மார்கழி விடியலில் மேல்மலைக் குளிரில் அழுத்தம் இறங்கி கேஸ் சோம்பலாக வரும். கொஞ்ச நேரம் கைக்குள் பொத்தி வைத்தாலே தெளிந்துவிடும்.

அடுப்பங்கரையிலோ சுடுகல்லிலோ வைத்துக் காயவைப்பதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று லைட்டரிலேயே எச்சரிக்கை இருக்கும், மீறினால் வெடிக்கலாம். சக்கரத்தைக் கழற்றுவதும் வேண்டாம். அடியில் இருக்கும் ஸ்பிரிங் கல்லோடு துள்ளிப் புல்லுக்குள் போனால், இருட்டில் தேடிக் கிடைக்காது.

‘டக்’ என்று அழுத்தும் பட்டன் லைட்டருக்கு உருட்டல் பயன்படாது. உருட்டச் சக்கரமே இல்லை. உள்ளே ஒரு படிகத்தைச் சிறு சுத்தி அடிக்க, அதில் எழும் மின்பொறிதான் பற்றவைக்கிறது. ஈரம் இருந்தால் மின்சாரம் வேறு வழியில் கசிந்துவிடும். உதறி, ஊதி, துணிமுனையால் துளையைச் சுற்றி ஒற்றி, காத்திருப்பதுதான் வழி. மழைக்காலப் பயணத்துக்கு நான் சக்கர லைட்டரையே எடுத்துப்போவதற்குக் காரணம் இதுதான். தீப்பெட்டி இந்தப் போட்டியிலேயே இல்லை: குச்சியின் மருந்து ஒருமுறை கரைந்தால் காயவைத்தாலும் பழையபடி பற்றுவது அரிது.

கடலில் நனைந்ததென்றால் கணக்கு வேறு. உப்பு அந்தக் கல்லை அரித்துவிடும். உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு உருட்டுங்கள். அப்படியே காயவிட்ட லைட்டர் ஒன்று எனக்குச் சில நாளிலேயே சக்கரம் இறுகி நின்றுபோனது.