வூஸ்டரா, காஃப்லியா, நியூ ஹாலா, ஸ்போடா: முதல் டீபாட் எதை வாங்குவது?

பழைய இங்கிலாந்து டீபாட் ஒன்று கையில் கிடைத்தால், புதிதாகச் சேர்ப்பவர்கள் முதலில் அதைக் கவிழ்த்து அடியில் முத்திரை தேடுவார்கள். அங்கேதான் ஏமாறுவதும் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டு டீபாட்டுகள் பலவற்றில் முத்திரையே கிடையாது. இருப்பவற்றிலும் ஒரு ஆலையின் குறியை இன்னொரு ஆலை கூசாமல் போட்டுக்கொண்டது. பிறகு வந்த போலிக்காரர்களும் முதலில் கற்றுக்கொண்டது அந்தக் குறியைத்தான். ஆகவே நான்கு ஆலைகளையும் மண்ணிலிருந்து ஒப்பிடுவோம்.

ஜான் வால் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1751இல் வூஸ்டர் ஆலையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பிரிஸ்டலில் இருந்த ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொண்டார்கள். அதோடு வந்தது மாக்கல் கலந்த பீங்கான் செய்முறை. அந்தக் காலத்தில் செல்சீ, டெர்பி ஆலைகளின் டீபாட்டுகள் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும், வூஸ்டர் தாங்கியது. நம் ஊர்க் கல்சட்டி அடுப்பைத் தாங்குவதற்குக் காரணமான அதே வகைக் கல் இது என்றால் விஷயம் எளிதில் புரியும்.

கண்டுபிடிப்பது எப்படி? அறையை இருட்டாக்கி, மூடியை எடுத்துவிட்டு, சிறிய டார்ச்சை உள்ளே இறக்குங்கள். வூஸ்டர் பெரும்பாலும் இளம்பச்சையாகத் தெரியும். அடுத்து அடிவளையத்தின் உள்பக்கம். அங்கே மெருகு, அதாவது பீங்கான் மேல் சுட்ட கண்ணாடி போன்ற பூச்சு, வளையத்தைத் தொடாமல் மயிரிழை அளவு விலகி நிற்கும். பென்சில் முனையால் லேசாகத் தடவினால் மெருகில் வழுக்கும், மெருகில்லாத இடத்தில் கோடு விழும். இந்தப் பென்சில் சோதனையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். காஃப்லியும் இதில் தேறிவிடும்.

வூஸ்டரின் சிக்கல் அதன் புகழ். 1750களின் டீபாட்டுக்கு ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டு போகிறது. பாரிஸில் 1845இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் வூஸ்டரைப் போலவே செய்து, அதன் சதுர முத்திரையையும் போட்டு விற்றது. ஆனால் சாம்சனின் பீங்கான் சீனப் பீங்கானைப் போன்ற கடினக் கலவை. பார்வைக்குச் சாம்பல் பூத்து, உயிரில்லாமல் இருக்கும். இதைவிட ஆபத்தானது அசல் வூஸ்டரிலேயே செய்யும் தில்லுமுல்லு. எளிய பூ மட்டும் இருந்த மலிவான பாத்திரத்தில் பின்னாளில் விலை உயர்ந்த வண்ணப் பின்னணியைத் தீட்டி, மறுபடி சூளையில் வைப்பார்கள். மண் அசல், வடிவம் அசல், முத்திரையும் அசல்! காட்டிக்கொடுப்பது மெருகுக்குள் தோன்றும் சின்னஞ்சிறு கரும்புள்ளிகள். 10 மடங்கு உருப்பெருக்கி இல்லாமல் வூஸ்டர் வாங்கப் போகாதீர்கள்.

காஃப்லி வூஸ்டரின் தம்பி, கொஞ்சம் குறும்புக்காரத் தம்பி. வூஸ்டரில் தொழில் கற்ற தாமஸ் டர்னர் 1770களிலிருந்து ஷ்ராப்ஷைரில் இதை நடத்தினார். 1799இல் கோல்போர்ட் ஆலையின் ஜான் ரோஸ் கைக்குப் போனது. மண் அதே மாக்கல், நீல அச்சு அதே, சித்திரங்கள் பலவும் அதே. டார்ச் வெளிச்சத்தில் இது பொதுவாக ஆரஞ்சு சாயலில் தெரியும். பொதுவாக என்றுதான் சொல்ல முடியும், இரண்டுக்கும் இடையில் நிற்கும் துண்டுகளும் உண்டு.

இரண்டு ஆலைகளும் அச்சிட்ட ‘மீனவர்’ சித்திரம் நல்ல பயிற்சி. நிற்கும் மனிதன் கையில் தூக்கிக் காட்டும் மீனைப் பாருங்கள்: வூஸ்டரில் நீண்டு மெலிந்தது, காஃப்லியில் குட்டையாகக் கொழுத்தது. குறிகளும் குழப்பும். வூஸ்டர் பிறை போடும். அச்சுப் பொருளில் உள்ளே கோடிட்ட பிறை, கையால் தீட்டியதில் வெறும் பிறை. காஃப்லி போட்ட ‘சி’ எழுத்து அவசரத்தில் பிறை போலவே தெரியும். எண்களைச் சீன எழுத்து மாதிரி மறைத்து எழுதிய ஒரு குறியைக் காஃப்லி என்றே நெடுங்காலம் நம்பினார்கள். வூஸ்டர் ஆலை இருந்த இடத்தைத் தோண்டிய பிறகுதான் அது வூஸ்டருடையது என்று தெளிந்தது. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு விலை பேசுபவர்கள் இன்னும் இதில் தவறுகிறார்கள்.

நியூ ஹால் வேறு குலம். ஸ்டாஃபர்ட்ஷைர் மட்பாண்டக்காரர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, 1768இல் பிளிமத் மருந்தாளர் குக்வொர்தி பெற்ற கடினப் பீங்கான் காப்புரிமையை, அது பிறகு போய்ச் சேர்ந்த பிரிஸ்டல் ஆலைக்காரர் ரிச்சர்ட் சாம்பியனிடமிருந்து வாங்கி, 1780களின் தொடக்கத்தில் ஆரம்பித்தார்கள். நேரம் வாய்த்தது. 1784இல் தேயிலை வரி 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறங்க, நடுத்தர வீடுகளுக்கும் டீ வந்தது. 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானைப் பெருமளவில் இறக்குமதி செய்வதையும் நிறுத்தியது. வெள்ளிப் பாத்திர வடிவில், நேரான மூக்கோடு, மேலே சிறு பூங்கொத்து தீட்டிய டீபாட்டுகள் ஆயிரக்கணக்கில் விற்றன. அதனால்தான் இன்றும் மலிவு.

முதல் டீபாட் எது என்று கேட்டால் என் ஓட்டு நியூ ஹாலுக்கே. நல்ல நிலையில் உள்ளதே 200 பவுண்டுக்குள் அடிக்கடி கிடைக்கிறது, போலி செய்து லாபம் பார்க்க இதில் ஒன்றும் இல்லை. எச்சரிக்கை ஒன்றுதான்: இதே பாணியில் செய்த போட்டி ஆலைகள் பல. பெயர் தெரியாததால் ஆய்வாளர்கள் அவற்றுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று பெயர் வைத்தார்கள். விற்பவர் எல்லாவற்றையும் நியூ ஹால் என்றே சொல்வார். சித்திர எண்ணை, அதாவது ஒவ்வொரு சித்திரத்துக்கும் ஆலை கொடுத்த எண்ணை, பார்த்து ஒப்பிடுங்கள். அந்த எண் டீபாட், பால் ஜாடி போன்ற பெரிய உருப்படிகளில் இருக்கும், கோப்பைகளில் பெரும்பாலும் இருக்காது.

ஸ்போடும் ஸ்டாஃபர்ட்ஷைர் ஆலைதான், அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1800ஐ ஒட்டி எலும்புச் சாம்பல் 6 பங்கு, சீனக்கல் 4 பங்கு, சீனக் களிமண் மூன்றரைப் பங்கு என்ற ‘போன் சைனா’ கலவை இங்கே நிலைபெற்றது. வெளிச்சத்தில் தூய வெள்ளை, கைக்குக் கனமில்லை, வலுவானது. பெயரும் சித்திர எண்ணும் பெரும்பாலும் சிவப்பில் கையால் எழுதியிருக்கும். நீலமும் சிவப்பும் தங்கமும் கலந்த 967ஆம் எண் சித்திரம் எல்லோருக்கும் தெரிந்தது. உடைந்த கோப்பைக்கு ஜோடி தேடி செட்டை நிரப்ப நினைப்பவருக்கு நான்கில் இதுதான் வசதி. தங்கப்பூச்சு தேய்ந்திருந்தால் மட்டும் விலையைக் குறைத்துப் பேசுங்கள், தேய்ந்த தங்கம் திரும்ப வராது.

எந்த ஆலையானாலும் நிலை பார்ப்பது ஒரே முறைதான். மூக்கு நுனியில் மூளி, பிடி உடலோடு சேரும் கீழ் முனையில் மயிர்க்கோடு, மூடிக் குமிழில் ஒட்டுவேலை: இந்த மூன்று இடங்கள்தான் முதலில் போகும். நகத்தால் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும், மொத்தையான சத்தம் வந்தால் எங்கோ விரிசல். புற ஊதா விளக்கைக் காட்டினால் பின்னாளில் பூசிய பெயின்ட் தனி நிறத்தில் எழும்பித் தெரியும். மூடி வேறு பாத்திரத்தினுடையதா என்று பார்க்க, டார்ச்சை மூடிக்கும் காட்டுங்கள். உடல் பச்சையாகவும் மூடி ஆரஞ்சாகவும் ஒளிர்ந்தால் இரண்டும் ஒரே பாத்திரத்தின் பாகமா என்று சந்தேகப்படுங்கள்.

முழு செட் என்று விளம்பரம் பார்த்தால் தட்டுகளை எண்ணுங்கள். அந்தக் காலத்தில் டீ கிண்ணத்துக்கும் காபிக் கோப்பைக்கும் பொதுவாக ஒரே தட்டுதான். 12 கிண்ணம், 12 கோப்பை, 12 தட்டு இருந்தால் எதுவும் குறையவில்லை. 24 தட்டு இருந்தால் யாரோ இரண்டு செட்டைக் கலந்திருக்கிறார்கள்.

வாங்கியதைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும், தொட்டிக்குள் ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். டீக்கறைக்குப் பிளீச்சிங் திரவம் வேண்டாம். அதிலிருந்து விரிசல் வழியாக உள்ளே போகும் உப்பு பிறகு படிகமாகி மெருகைப் பெயர்த்துவிடும். அலமாரியில் வைக்கும்போது மூடியைப் பாத்திரத்தின் மேலேயே வைக்காமல், மெல்லிய காகிதம் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.