"கடற்குதிரையும் பவளமும் ஒண்ணா வைக்கலாம்" என்று சொல்லி விற்ற கடை: என் 2,480 வெள்ளி போச்சு

கோபம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானும் சும்மா இருந்துவிடுவேன், அந்தக் கடைக்கு அதுதான் வேண்டும். சிங்கப்பூரில் வீட்டில் மரைன் டேங்க் (உப்புநீர்த் தொட்டி) வைக்க யோசிப்பவர்கள், குறிப்பாகக் கடற்குதிரை மேல் ஆசைப்பட்டவர்கள் படியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகப்போகிறேன், அதுவரை வேறு வம்பு வேண்டாம். முன்பக்கம் நன்னீர் மீன், பின்பக்கம் நீல விளக்கு எரியும் உப்புநீர்த் தொட்டிகள், அந்த மாதிரிக் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றது ஒரு செட். இரண்டடித் தொட்டி, ஸ்டாண்ட், ஃபில்டர், ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரிப்பது), வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்), விளக்கு, லைவ் ராக் (நுண்ணுயிர் குடியிருக்கும் கடல் பாறை), ஐந்து துண்டு பவளம், ஒரு ஜோடி மஞ்சள் கடற்குதிரை. வீட்டுக்கு வந்து அமைத்துக் கொடுப்பதும் சேர்த்து 2,480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். இரண்டும் ஒரே தொட்டியில் இருக்குமா, என்ன சாப்பிடும், கடலில் பிடித்ததா பண்ணையில் பிறந்ததா? பதில் சொன்னவர் கடையில் வேலை செய்யும் தம்பி, பட்டுக்கோட்டைப் பக்கம். "அண்ணே, பண்ணையில பொறந்ததுண்ணே. ஃப்ரோசன் மைசிஸ் போட்டா போதும். கடல்ல பவளத்துமேலதானே சுத்திக்கிட்டு நிக்குது, இங்க மட்டும் ஏன் நிக்காது?" என்றார். (மைசிஸ் என்றால் குட்டி இறால் மாதிரி ஒரு தீனி.) சொன்னதோடு நிற்காமல் சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் இருந்ததைத் தொட்டியில் ஊற்றியும் காட்டினார். அந்தப் பெண் குதிரை ஒரு கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தது, மூக்கை நீட்டியது, கண்ணாடி வழியாகவே "டிக்" என்று கேட்டது, இறால் உள்ளே போய்விட்டது. என் மகள் கைதட்டினாள். நான் கார்டை எடுத்தேன்.

அப்போது எடுத்த வீடியோ இன்னும் ஃபோனில் இருக்கிறது. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் கோப்பையிலிருந்து விழுந்த இறால் காலை அடித்துக்கொண்டு நீந்துகிறது. உறைந்த இறால் எந்த ஊரில் நீந்தும்? கொடுத்தது ஆர்ட்டீமியா என்ற பொடி இறால், அதுவும் உயிரோடு; சொன்னது ஃப்ரோசன்.

இதில்தான் எல்லாம் இருக்கிறது. கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது வேகமாகக் கடந்து போய்விடும், அதனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவையாவது சாப்பிட்டாக வேண்டும். பண்ணையில் பிறந்ததைச் சின்னதிலிருந்தே உறைந்த தீனிக்குப் பழக்கியிருப்பார்கள். கடலில் பிடித்ததோ அசையாத எதையும் பெரும்பாலும் சீண்டாது. என் வீட்டில் அதுதான் நடந்தது. போட்ட மைசிஸ் எல்லாம் வேவ்மேக்கர் அடித்த அடியில் பாறைக்குப் பின்னால் போய் அழுகியது. குதிரை பார்த்துக்கொண்டே இருந்தது. மஞ்சள் நிறம் மங்கி, கருப்படித்துப் போனது.

அடுத்தது, அந்த ஐந்து துண்டில் ஒன்றான டார்ச் கோரல் என்ற பவளம். தொட்டிக்கு நடுவில், "ஷோவா இருக்கும்ணே" என்று தம்பியே பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனது. டார்ச், ஹேமர் வகைப் பவளங்களின் நீண்ட கைகளில் கொட்டும் செல்கள் உண்டு. வேகமான மீனாக இருந்தால் விலகி ஓடும். கடற்குதிரை எதையாவது வாலால் பிடித்துக்கொண்டு நிற்கிற பிராணி, நீச்சலும் சுமார்தான். நீரோட்டம் தள்ளத் தள்ள அது போய்ப் பிடித்தது டார்ச்சின் காம்பை. வாலில் நகக்கண் அளவுக்கு வெள்ளையாக வெந்துபோன தழும்பு. அழுகிய தீனியால் தண்ணீர் கெட்டு மற்ற பவளங்களும் சுருங்கிவிட்டன. யாரும் யாரோடும் நிம்மதியாக இல்லை.

சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) தேவையில்லை, கூலிங் ஃபேன் போதும் என்றும் சொல்லியிருந்தார்கள். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் ஃபேன் போட்டும் தெர்மாமீட்டர் 28, 29 காட்டியது. கடற்குதிரைக்கு 22 முதல் 24 டிகிரி நல்லது. சூடு ஏற ஏற விப்ரியோ மாதிரி பாக்டீரியாத் தொல்லையும் ஏறும். தொட்டி அமைத்து வாரக்கணக்கில் தண்ணீரைப் பழகவிட வேண்டும் என்பதும் அந்தக் கடைக்குத் தெரியாதா? அமைத்த அன்றைக்கே, கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா என்று ஒரு பாட்டிலை ஊற்றிவிட்டு, குதிரையையும் பவளத்தையும் உள்ளே விட்டுப் போனார்கள்.

சாப்பிடவில்லை என்று வாட்ஸ்அப்பில் முதலில் கேட்டபோது "செட்டில் ஆகணும்ணே, விடுங்க" என்று பதில். அப்புறம் "தண்ணி மாத்துங்க". அப்புறம் வைட்டமின் பாட்டில் ஒன்றின் படமும் விலையும். ஆண் குதிரையின் குட்டி சுமக்கும் பை உப்பி, அது கீழே இறங்க முடியாமல் தண்ணீர் மேல்மட்டத்தில் மிதந்தபோது பதறிப்போய் வீடியோ அனுப்பினேன். வந்த பதில் இது: "வாழ்த்துகள்ணே! ஆம்பளைதான் குட்டி போடும்." கூடவே இரண்டு கேக் படம். வீட்டில் பிள்ளை குதித்தாள், பேர் கூட வைத்துவிட்டாள். பையில் இருந்தது குட்டியில்லை, காற்று. வாயுக் குமிழி நோய் என்பது கடற்குதிரை வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், ஆரம்பத்திலேயே கவனித்தால் மருந்தும் உண்டு. அந்தக் கேக் படத்தை நம்பிக் காத்திருந்ததில் ஆண் செத்தது. பெண்ணும் பட்டினியில் பின்னாலேயே போனது.

அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான். விடாமல் கேட்டதற்குத் தம்பி, "அண்ணே நான் இப்ப அந்தக் கிளையில இல்ல, தவுக்கேகிட்ட பேசுங்க" என்றார். நேரில் போனேன். தவுக்கே (கடை முதலாளி) ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தட்டினார்: உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லையாம். தண்ணீர் என் பொறுப்பாம். சில்லர் வேண்டுமானால் "உனக்காக" 480 வெள்ளிக்குத் தருகிறாராம்! 2,480 வெள்ளியை வாங்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு 480 கேட்கிற வாய் எப்படிப்பட்ட வாய் என்று தெரியவில்லை. ரசீதின் முன்பக்கமோ அதைவிட மோசம்: "மரைன் செட்" என்று ஒரே வரி, ஒரே தொகை. கடற்குதிரை என்ற சொல்லே அதில் இல்லை.

இறக்குமதி அனுமதித் தாளைக் காட்டச் சொன்னேன். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கடற்குதிரைகள் 2004 முதல் இருக்கின்றன. அனுமதித் தாளில் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் எழுத்து இருக்கும், பண்ணையில் பிறந்ததற்கு 'சி' அல்லது 'எஃப்', கடலில் பிடித்ததற்கு 'டபிள்யூ'. "அதெல்லாம் சப்ளையர்கிட்டலா" என்று முடித்துவிட்டார். பின்பக்கத் தொட்டியில் புது ஜோடி மஞ்சள் குதிரை. ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது, அதே பிளாஸ்டிக் கோப்பை. "அது உயிருள்ள இறால், ஃப்ரோசன் இல்லை" என்று சத்தமாகவே சொன்னேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

என்ன செய்யலாம், எப்படி வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. உங்கள் கையில் ஒரு ஃப்ரோசன் மைசிஸ் பாக்கெட்டோடு போங்கள், உங்கள் கண்முன் இரண்டு குதிரையும் அதைத் தின்றால் மட்டும் காசு கொடுங்கள். டார்ச், ஹேமர், அனிமோன் (கடல் சாமந்தி) எதுவும் கூடவே கூடாது. அவ்வளவாகக் கொட்டாத கார்கோனியன், லெதர் வகைப் பவளம் போதும், அதற்கும் நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும். சில்லர் வாங்கக் காசில்லை என்றால் கடற்குதிரையே வேண்டாம். ரசீதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, "பண்ணையில் பிறந்தது" என்பது உட்பட எழுதி வாங்குங்கள்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், என் மாதிரித் தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். என் 2,480 வெள்ளிக்கு இந்த வாரமே போடுகிறேன். இதே மாதிரி "செட்" வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஒரே கடைதானா என்று பார்த்துவிடலாம்.