ஸ்வீடிஷ் மசாஜா, டீப் டிஷ்யூ மசாஜா?

மன அழுத்தமும் தூக்கக் குறைவும்தான் தொல்லை என்றால் ஸ்வீடிஷ் போதும். எண்ணெய் தாராளமாகத் தடவி, உள்ளங்கையால் இதயத்தை நோக்கி நீளமாக நீவுவார்கள், பிறகு பிசைவார்கள். 60 நிமிடத்தில் உடல் முழுவதும் முடிந்துவிடும். மறுநாள் வலி அநேகமாக இருக்காது.

டீப் டிஷ்யூ வேறு ரகம். தோள்பட்டை, இடுப்பு என்று நாள்பட்டு இறுகிப்போன ஓரிரு இடங்களுக்கு மட்டும் அது பொருந்தும். எண்ணெய் கொஞ்சமாகத்தான் வேண்டும். அதிகமானால் கை வழுக்கும், தசையில் பிடிப்பு கிடைக்காது. முதல் சில நிமிடங்கள் லேசாக நீவித் தசையைச் சூடாக்கிய பிறகே விரல் முட்டியாலோ முழங்கையாலோ மெதுவாக அழுத்த வேண்டும். எடுத்த எடுப்பில் அழுத்தினால் தசை எதிர்த்து இறுகிவிடும். வலியை 10-க்கு மதிப்பிட்டால் 6-ஐத் தாண்ட விடாதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்களா? அழுத்தம் அதிகம் என்று உடனே சொல்லுங்கள். 'வலித்தால்தான் பலன்' என்பது வெறும் பேச்சு. அடுத்த 1-2 நாள் லேசான வலி இருப்பது சகஜம்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நிலையில் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் டீப் டிஷ்யூ பக்கம் போகாமலிருப்பதே நல்லது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் இரண்டுமே கூடாது: உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

நச்சு வெளியேறும் என்று இரண்டுக்குமே விளம்பரம் செய்கிறார்கள். அந்த வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது.